செத்த ஹாட் டிஸ்க்கும் சாகாத பாமினியும்

பாமினி ஃபொன்ட்டில் "தமிழ்" என்று டைப் செய்துவிட்டு, அந்த ஃபைலை பாமினி இல்லாத ஒரு கொம்பியூட்டரில் திறந்து பாருங்கள். ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் கடைசியில் ஒரு அரைப்புள்ளியும் தெரியும். இலங்கையில் கொஞ்சம் பழைய கொம்பியூட்டர் தொட்ட தமிழர் யாரும் இதைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. டைப்செட்டிங் கடைகளில் வருடக்கணக்காக வேலை செய்தவர்கள் சிலருக்கு அந்த ஆங்கிலக் குழப்பத்தையே நேராக வாசிக்கவும் வரும். நம்ம குழுவிலும் அப்படி ஒரு அக்கா இருக்கிறார். அவர் இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை.

உக்குவளையில் ஒரு நண்பன் வீட்டு அட்டாளியில் பல வருடமாகச் செத்துக் கிடந்த டெஸ்க்டொப்பில் இருந்துதான் இதெல்லாம் தொடங்கியது. அவனுடைய அப்பா பெட்டிசம் எழுதுகிறவர். றோட்டோரம் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர். சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து ஆட்கள் வருவார்கள். ஈ.பி.எஃப். காசு வராததுக்குக் கடிதம், பிந்திய பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பம், அடையாள அட்டைக்கு சத்தியக் கடதாசி, எல்லாம் அங்கேதான். எழுதிக் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கொப்பியை கொம்பியூட்டரில் வைத்திருந்தார். பிறகு ஒரு மழை நாளில் இடி விழுந்து கொம்பியூட்டர் போய்விட்டது. (மகாவலித் தண்ணீர் பொல்கொல்லையில் இருந்து மலைக்குள்ளால் வந்து 1976 முதல் உக்குவளையில் மின்சாரமாகிறது. ஊரில் மின் நிலையம் இருப்பதால் இடிக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை.) சில வருடம் கழித்து அப்பாவும் போய்விட்டார்.

இப்போது அது ஏன் தேவைப்பட்டது என்றால், அடுத்த லயத்துப் பாட்டி ஒருவருக்கு மூன்று பத்திரத்தில் மூன்று விதமாகப் பெயர். 2004இல் அப்பா அதற்கு ஒரு சத்தியக் கடதாசி தயாரித்துக் கொடுத்திருக்கிறார். மூலப்பத்திரம் வீட்டுக்கூரை ஒழுகி நாசமாகிவிட்டது. "அந்தக் கடதாசில எம் பேரு சரியா இருந்துச்சு தம்பி" என்பது மட்டும் பாட்டிக்கு நிச்சயம்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு பெயர்ப்பிழை எப்படி இவ்வளவு பெரிய விஷயமாகும் என்று தோன்றலாம். மலையகத்தில் பத்திரம் என்பது வெறும் பத்திரம் இல்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளியிடம் உன் தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்டு என்றது. தகப்பன் பிறந்ததற்குப் பதிவு எங்கே இருக்கும்? தென்னிந்தியாவில் இருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். (2023 ஜூலையில் தலைமன்னாரில் இருந்து தொடங்கிய மலையகம் 200 நடைபயணம் மாத்தளையில் முடிந்தது இதனால்தான்.) பிறகு 1964 ஒக்டோபர் 30, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பங்கு போட்டன. ஆட்களை இப்படிப் பங்கு போடலாமா என்று ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டம்தான் இந்தக் கணக்கைக் கொஞ்சமாவது முடித்துவைத்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் பிரஜைகள். அந்த நாட்களில் மலையகம் முழுக்க ஃபோர்ம் நிரப்பும் வேலை நடந்தது. நண்பனின் அப்பா மாதிரி ஆட்களுடைய கொம்பியூட்டர்களில் அந்த வருடங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சமூகம் முதல்முறையாகத் தன் பெயரை அரசாங்கப் பத்திரத்தில் தன் மொழியில் சொன்ன வருடங்கள் அவை. சொன்னது பாமினியில்.

முதலில் டிஸ்க் கதை. இடி எரித்தது பவர் சப்ளையையும் மதர்போர்ட்டையும்தான். டிஸ்க் பிழைத்திருந்தது, ஆனால் அட்டாளியில் ஈரத்தில் கிடந்ததில் அங்கங்கே சொத்தை. அகலமான சாம்பல் ரிபன் வயர் போடுகிற பழைய ரக டிஸ்க். அதை யுஎஸ்பியில் மாட்ட ஒரு அடாப்டர் கண்டியில் தேடி வாங்கினோம். மாட்டியதும் வின்டோஸ் கேட்ட முதல் கேள்வி, "ஃபோர்மட் செய்யவா?" வேண்டாம் சாமி.

ஹாட் டிஸ்க் உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருக்க, அதற்கு மேலே தலைமுடியின் தடிப்பை விட மிகமிகச் சின்ன இடைவெளியில் வாசிக்கும் முனை மிதக்கிறது. பழுதான டிஸ்க்கை ஒவ்வொரு தடவை ஓடவிடும்போதும் அந்த முனை தட்டில் உரசி, இருப்பதும் போகலாம். அதனால் ஃபைலைத் தேடி அங்கும் இங்கும் திறந்து பார்க்கக்கூடாது. முழு டிஸ்க்கையும் பைட் பைட்டாக இன்னொரு டிஸ்க்கில் இமேஜ் எடுத்துவிட்டு, நோண்டுவதெல்லாம் அந்த இமேஜில்தான். டிடிரெஸ்கியூ என்ற இலவசப் புரோகிராம் இதைப் புத்தியாகச் செய்யும். வாசிக்கக்கூடிய இடங்களை முதலில் விறுவிறு என்று எடுத்துக்கொள்ளும். சொத்தை இடங்களைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வந்து மெதுவாக முயலும். மூன்று இரவு ஓடியது.

அழிந்ததாகச் சொல்லப்படும் ஃபைல் உண்மையில் அழிவதில்லை என்பது பழைய கதை. 1977இல் மைக்ரோசொஃப்டில் மார்க் மெக்டொனால்ட் எழுதிய ஃபாட் முறையில் இருந்து வளர்ந்துதான் நம்ம பென்டிரைவ்களில் இன்றைக்கும் ஓடுகிறது. அதில் ஃபைலின் பெயர் ஒரு பட்டியலில், உள்ளடக்கம் வேறு இடத்தில். டிலீட் செய்தால் பட்டியலில் பெயரின் முதல் எழுத்து மட்டும் மாற்றப்பட்டு "இந்த இடம் காலி" என்று குறிக்கப்படும். உள்ளடக்கம் இன்னொன்று அதன் மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். 1982இல் பீட்டர் நோர்ட்டன் விற்ற மீட்புப் புரோகிராமின் ரகசியமே இவ்வளவுதான். போன எழுத்தைத் திருப்பி வைப்பது.

எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சொத்தை விழுந்திருந்தது சரியாக அந்தப் பட்டியலின் மேலேயே. அதனால் ஃபோட்டோரெக் பக்கம் போனோம். பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதியது, இலவசம். அது பட்டியலைப் பார்க்காது. தட்டு முழுக்க நடந்து, ஒவ்வொரு ஃபைல் வகையும் எந்த பைட்டுகளில் தொடங்குமோ அந்தத் தொடக்கத்தைத் தேடும். பழைய வேர்ட் ஃபைலின் முதல் நாலு பைட் டி0, சிஎஃப், 11, இ0. பூச்சியத்தை ஓ என்றும் ஒன்றுகளை ஐ, எல் என்றும் நினைத்து ஆங்கிலத்தில் சேர்த்து வாசித்தால் "டொக்ஃபைல்" என்று வரும். யாரோ ஒரு புரோகிராமரின் சேட்டை, பல வருடம் கழித்து மாத்தளையில் உதவுகிறது.

விடிந்தபோது நூற்றுக்கணக்கான வேர்ட் ஃபைல்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் எஃப் என்று தொடங்கும் நம்பர்கள். பழைய பெயரும் திகதியும் பட்டியலோடு போய்விட்டன. ஒன்றைத் திறந்தோம். பக்கம் நிறைய ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, சதுர அடைப்பு. டிஸ்க்கைத் திறந்துவிட்டோம், அதற்குள்ளே இன்னொரு பூட்டு.

இந்த இரண்டாவது பூட்டு தமிழர்கள் தாங்களே போட்டது. திட்ட முடியாது, வேறு வழி இருக்கவில்லை. கொம்பியூட்டருக்கு எழுத்து என்பது எண். ஆங்கில எழுத்துக்களுக்கு எண் முதலிலேயே ஒதுக்கியாகிவிட்டது, தமிழுக்கு இல்லை. அதனால் ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தார்கள். கொம்பியூட்டர் ஜே என்று நினைக்கும், நாம் த என்று பார்ப்போம். மயிலை, பாமினி என்று ஆளுக்கொரு ஃபொன்ட், ஃபொன்ட்டுக்கொரு கணக்கு. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடு கூட்டி ஒரு பொதுக் குறியீட்டுக்கு வரப் பார்த்தார்கள். டாம், டாப், டிஸ்கி என்று பெயர்கள் கூடின. இத்தனைக்கும் 1991இலேயே யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் நம்ம கடைகளுக்கு அது வந்து சேரவில்லை. வின்டோஸ் 2000இல்தான் லதா ஃபொன்ட்டோடு தமிழ் உள்ளே வந்தது. எக்ஸ்பியில்கூட செட்டிங்கில் போய் ஒரு பெட்டியில் சரி போட்டால்தான் வேலை செய்யும். அச்சகம், பிரதேச செயலகம், பத்திரிகை எல்லாம் பாமினியில் இருக்கும்போது பெட்டிசம் எழுதுகிறவர் மட்டும் ஏன் மாறப் போகிறார்? யூனிகோடில் "தமிழ்" சேமிக்க 15 பைட் வேண்டும், பாமினியில் 5 போதும். ஃபுளொப்பியில் கொண்டு திரிந்த காலத்தில் அதுவும் ஒரு கணக்குத்தான்.

பாமினியின் எழுத்து அமைப்பு தமிழ் டைப்ரைட்டரில் இருந்து வந்தது. ய ள ன க என்று விரல் பழகிய ஆட்கள் அப்படியே கொம்பியூட்டருக்கு மாறினார்கள். டைப்ரைட்டர் காகிதத்தில் இடமிருந்து வலமாக உருவத்தைக் குத்தும், அதுக்கு மொழி தெரியாது. "மை" என்று அடிக்க முதலில் சங்கிலிக் கொம்பு, பிறகு ம. பாமினியும் அப்படித்தான். யூனிகோட் நாம் சொல்கிற ஒழுங்கில் ம முதலில், ஐகாரம் பிறகு என்று சேமிக்கும். மாற்றிக் கொடுக்கும் கொன்வேர்ட்டர் இதையெல்லாம் திருப்பிப் போடவேண்டும்.

இணையத்தில் கிடைத்த ஒரு கொன்வேர்ட்டரில் போட்டோம். அழகான தமிழ் வந்தது. "பிரஜாவுரிமை" என்று தேடினோம். ஒன்றும் இல்லை. கண்ணுக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. அக்காதான் கண்டுபிடித்தார். டைப்ரைட்டர் பழகிய கை "ரி" அடிக்கும்போது ரகரத்தைத் தொடாது. காலும் ரகரமும் ஒரே உருவம்தானே, "ா" போட்டு அதன் மேல் விசிறியைப் போட்டுவிடும். "ர்" என்றால் காலுக்கு மேல் புள்ளி. காகிதத்தில் வித்தியாசமே தெரியாது. கொன்வேர்ட்டர் காலைக் காலாகவே மாற்றிவிட, "பிரஜாவுாிமை" என்று சேமிக்கப்பட்டிருந்தது. உங்கள் ஃபோனிலும் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். தேடுபொறிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். செய்தித் தளங்களில் "ஆசிாியா்" என்று இன்றைக்கும் கிடக்கிறது, தேடினால் அகப்படாது. பிரஜாவுரிமை, குடியுரிமை, உரிமை, மாரியம்மன் எல்லாவற்றிலும் இந்த ரி இருக்கிறது என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டியின் பெயரிலும் ஒரு ரி உண்டு.

இந்தக் குழப்பம் கொம்பியூட்டரோடு வந்ததில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே கோடு. "கா", "கர", "கர்" மூன்றும் ஓலையில் ஒன்றுதான். எகர ஏகாரம், ஒகர ஓகாரமும் அப்படியே. எது எது என்று பொருளை வைத்துத்தான் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தபோது செய்த வேலையில் பெரும்பகுதி இது. தொட்டால் ஒடியும் ஏடு ஒரு பக்கம், எழுத்தைத் தீர்மானிப்பது இன்னொரு பக்கம். அவரும் நல்ல பிரதியை முதலில் எடுத்து, ஒடிந்த இடத்துக்கு வேறு பிரதி தேடி அலைந்தவர்தான். உ. வே. சாமிநாதையரும் அப்படித்தான். அச்சு வந்து நூறு வருடமாகத் தீர்ந்திருந்த பிரச்சினை, கொம்பியூட்டரின் தயவில் திரும்பி வந்தது. ஓலைக்காரருக்கு இருந்த வசதி, வாசிக்கிறவர் மனுஷர். மெஷினுக்குப் பொருள் தெரியாது, ஆனால் விதி சொல்லிக்கொடுக்கலாம். காலுக்கு மேல் புள்ளியும் வராது, விசிறியும் வராது. வந்தால் அது ரகரம். இந்த ஒரு வரியை எழுதிப் போட்டதும் மொத்த ஃபைலும் சரியானது.

பாமினியால் ஒரு லாபமும் கிடைத்தது. ஃபோட்டோரெக் ஒட்டவைக்க முடியாமல் விட்ட துண்டுகள் நிறைய. அவை ஃபைல் இல்லை, வெறும் பைட்டுகள். ஆனால் பாமினித் தமிழ் பைட்டுக்கு ஒரு ஆங்கில எழுத்தாக அந்த ஃபைல்களுக்குள் கிடந்ததால், இமேஜ் முழுக்க ஆங்கிலத்தில் தேடுகிற மாதிரியே தேடமுடிந்தது. எச், பி, ஐ, கே என்று கொடுத்தோம். பாமினியில் அது "ரிமை". உரிமை எங்கெல்லாம் எழுதப்பட்டதோ அங்கெல்லாம் அகப்பட்டது.

பாட்டியின் சத்தியக் கடதாசி அப்படித்தான் கிடைத்தது. முதல் பக்கம் மட்டும். இரண்டாவது பக்கம் இருந்த இடத்தில் பிறகு யாரோ ஒரு பாட்டு வீடியோவைக் கொப்பி பண்ணியிருக்கிறார்கள், மீட்க வழியே இல்லை. பெயர் சரியாகவே இருந்தது. கையெழுத்தில்லாத கொப்பி எந்த அலுவலகத்திலும் செல்லாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் திகதி இருக்கிறது, சமாதான நீதவான் யார் என்று இருக்கிறது. எந்தப் பதிவேட்டில் எந்த மாதத்தில் தேடவேண்டும் என்று கேட்க இப்போது ஒரு பிடி இருக்கிறது. செக்ரோலில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பிறப்புப் பதிவில் சிங்களத்தில் இன்னொரு மாதிரி எழுதப்பட்ட பெயர், அவர் சொன்னபடியே தமிழில் எழுதப்பட்டது அந்தப் பக்கத்தில்தான்.

உக்குவளையில் இருந்து மாத்தளை டவுனைத் தாண்டிப் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாயால் மட்டும் ஓதப்பட்டு வந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதியது அங்கேதான் என்பது பௌத்த மரபு. காரணம் பக்தி மட்டும் இல்லை. யுத்தமும் பஞ்சமும் வந்து மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பிக்குகள் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய பேச்சில் சொன்னால் பெக்கப் எடுத்தார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அங்கேயிருந்த சுவடிகள் அழிந்தன. ஆனாலும் திரிபிடகம் அழியவில்லை, ஏனென்றால் அதற்குள் பர்மாவிலும் சயாமிலும் கொப்பி இருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவை சுமார் 97,000 நூல்கள். அவற்றில் ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகள் போனது போனதுதான்.

கொப்பி இருந்தும் வாசிக்க முடியாமல் போவது நம்ம காலத்துப் புதுமை. 1086இல் இங்கிலாந்தில் எழுதிய டூம்ஸ்டே என்ற நிலக்கணக்குப் புத்தகத்தை இன்றைக்கும் லத்தீன் தெரிந்தவர் புரட்டி வாசிக்கலாம். அதன் 900ஆவது ஆண்டுக்காக 1986இல் பிபிசி லேசர் டிஸ்க்கில் செய்த புதிய டூம்ஸ்டே, பதினைந்து வருடத்தில் வாசிக்க மெஷின் கிடைக்காமல் திண்டாடியது. டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து மீட்டெடுக்கவேண்டி வந்தது.

தமிழில் இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை முதலில் டிஸ்கியில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றிப் போட்டது. அந்த மாற்றும் வேலையை யாரும் கொண்டாடுவதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து, மலையக, முஸ்லிம் வெளியீடுகளை ஸ்கேன் செய்து வைக்கிறது. கோயில் மலர், சங்க அறிக்கை, நின்றுபோன சிறுபத்திரிகை என்று யாரும் நூலாகவே நினைக்காதவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டது அவர்கள் செய்த பெரிய காரியம். ஆனால் அவர்கள் கைக்குப் போவது பெரும்பாலும் காகிதத்தில் வந்தவை. அச்சுக்கே போகாமல் ஹாட் டிஸ்க்கில் மட்டும் பாமினியில் கிடப்பவை எந்த அலுமாரியிலும் இல்லை.

அப்படியானால் நண்பனின் அப்பாவுடைய ஃபைல்களையும் ஏதாவது ஆவணகத்துக்குக் கொடுக்கலாமே என்று குழுவுக்குள் ஒரு பேச்சு வந்தது. சண்டையே வந்தது என்று சொல்லலாம். வரலாறு படிக்கிற நண்பர்களுக்கு இது புதையல். ஆனால் இவை அந்தந்த ஆட்கள் ஒருவரை நம்பிச் சொன்ன சொந்த விஷயம். கணவன் விட்டுப்போனது, பிள்ளையின் அப்பா பெயர், கடன், எல்லாம் இருக்கிறது. நூறு வருடப் பழைய ஓலை இல்லை, ஆட்கள் உயிரோடு அடுத்த லயத்தில் இருக்கிறார்கள். கடைசியில் நண்பனின் அம்மா சொன்னதை எடுத்துக்கொண்டோம். அவரவருடையதை அவரவர் வீட்டில் கொடுப்பது, கொடுக்கச் சொன்னால் மட்டும் ஆவணகத்துக்குக் கொடுப்பது. இதுவரை பன்னிரண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். இரண்டு வீட்டில் ஆட்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

இமேஜ் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. மாற்றிய யூனிகோட் ஃபைல்களோடு பழைய பாமினி ஃபைல்களையும் வைத்திருக்கிறோம், ஏனென்றால் மாற்றத்தில் எங்கேயாவது தவறியிருந்தால் ஒப்பிட வேண்டும். கூடவே பாமினி ஃபொன்ட், எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்து என்ற பட்டியல், கால் ரகரமாகும் அந்த விதி எல்லாவற்றையும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, பிரிண்டும் எடுத்து டிஸ்க் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது.

உங்கள் வீட்டிலோ, மூடிப்போன ஒரு கொமினிகேசன் கடையிலோ இப்படி ஒரு பழைய கொம்பியூட்டர் கிடந்தால், "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று பிளக்கில் போடாதீர்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றி, காய்ந்த துணியில் சுற்றி வையுங்கள். அதில் டக் டக் என்று சத்தம் வருவதாக யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் செய்ததையும் செய்யவேண்டாம், அது தெரிந்த ஆளிடம்தான் போகவேண்டும். சத்தம் இல்லாவிட்டால் எழுதுங்கள், அடாப்டர் எங்களிடம் இருக்கிறது. அக்காவும் வருவார்.